பின் கண்ணாடியில் பிளேட் கீறல்

டிசம்பர், வெள்ளி

வாப்பா இன்று மழைக்குள் காரைப் பின்னால் எடுத்து, வாசல் கேற் தூணில் இடித்துவிட்டார். பின் கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லையாம். அதைப் போக்கும் ஹீட்டர் வேலை செய்யவில்லை.

"வயரக் கழட்டி விளையாடினது நீதானேடா? ஒனக்கு இனிக் கார் பழக்க மாட்டன்."

இந்த வீட்டில் மின்னல் வெட்டினாலும் சுவிட்சைப் போட்டது நான்தான்.

பியூஸ் நன்றாக இருந்தது. கரண்டும் வந்தது. சுவிட்சைப் போட்டுவிட்டுக் கண்ணாடியில் ஊதினேன். மேலும் கீழும் இருந்த ஹீட்டர் கோடுகள் ஆவியைத் தின்றன. நடுக்கோடுகள் செத்துக் கிடந்தன. டோர்ச் அடித்தால், அங்கே கோடுகளை அறுத்த பிளேட் கீறல். ராத்தாவின் கலியாணத்துக்குப் பெயர் ஸ்டிக்கர் ஒட்டிய அதே இடம். போன கிழமை அதைச் சுரண்டி எடுத்தவர் மச்சான், எங்கள் வீட்டோடு வந்திருக்கும் புது மாப்பிள்ளை.

வாப்பாவைக் கூட்டிவந்து காட்டினேன். கீறலைத் தடவிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"மருமகன்ட காதுல இது விழப்படாது. நீ செஞ்ச எண்டே இரிக்கட்டும்."

"அப்ப எனக்குக் கார் பழக்கிற கதை?"

"அத மறுகா பாப்பம்."

சாப்பாட்டில் உம்மா பெரிய மீன்துண்டை மச்சானுக்கு வைத்தா. அவர் அதைப் பிய்த்துக்கொண்டே எனக்குப் புத்தி சொன்னார்.

"தெரியாத வயர்ல கை வைக்கப்படா மச்சான். தெரியாட்டி என்னட்டக் கேளுங்க."

வாப்பா தலையை நிமிர்த்தவே இல்லை.

"ஓம் மச்சான்" என்றேன்.

சோறு இறங்கிவிட்டது. அந்த ஓம் மட்டும் இன்னும் தொண்டையில் நிற்கிறது.