நாலு செகண்ட்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் இருமலும் அம்மாவின் முழங்காலும் எப்படி இருக்கின்றன?

போன மாதம் உங்கள் பெயரில் மெயில் வந்ததென்று பதறிப்போய் போன் செய்தேனே, அதை அனுப்பியது யாரென்று தெரிந்துவிட்டது. எங்கள் ஜப்பானிய மொழி ஆசிரியர் மாநாடும், என் அறைத்தோழியின் நெட்வொர்க் பாதுகாப்பு மாநாடும் இந்த வாரம் ஒரே கட்டடத்தில் நடந்தன. என் கட்டுரையை வாசித்து முடித்ததும் அவள் பேச்சைக் கேட்க மாடிக்கு ஓடினேன். போலி மெயிலுக்கு யார் எப்படி ஏமாறுகிறார்கள் என்பதுதான் அவள் ஆராய்ச்சி. திரையில் அதே மெயில்: "வாலு, அம்மா விழுந்துட்டா. போட்டோவைப் பாரு." எல்லாரையும்விடச் சீக்கிரம் ஏமாந்தது நான்தானாம். நாலு செகண்ட், அதற்குள் போட்டோவைத் தட்டிவிட்டேனாம். அரங்கமே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

"உன் பேரைத்தான் மறைச்சிட்டேனே, இதுக்குப் போய் கோவிச்சுக்கலாமா?" என்கிறாள். கூடவே இருந்து குழி பறித்தவளோடு இன்னும் ஒரே அடுப்பில்தான் சமைக்கிறேன்.

இனி மெயில் வேண்டாம் அப்பா, கைப்பட எழுதிப் போடுங்கள். ஓரத்தில் அம்மாவையும் ரெண்டு வரி கிறுக்கச் சொல்லுங்கள். வகுப்புக்கு நேரமாகிவிட்டது, ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். 'வாலு' என்று எழுதாதீர்கள். அப்பா உன்னை எப்படிக் கூப்பிடுவார் என்று அவள் கேட்டபோது ஆசையாகச் சொல்லித் தொலைத்தேன். வேறு பெயர் ஏதாவது வையுங்கள். இந்தத் தடவை யாரிடமும் சொல்ல மாட்டேன்.

உங்கள் மகள்