வறட்சி வாரம், மழை வாரம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, அப்பாவுக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, மற்றதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உன் இருமல் நின்றதா என்று எழுது, நிற்காமலே நின்றுவிட்டது என்று பொய் எழுதாதே.

நாம் மூவரும் காட்டுக்குப் போய் ஜீப்பில் உட்கார்ந்து விலங்குகள் பார்ப்பது என்று முடிவானதும், வெயில் மாதம் என்றால் உனக்கு நாலே நாள் லீவு, மழை மாதம் என்றால் இருபது நாள், எதுவென்று சீக்கிரம் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாய் அல்லவா. மூன்று வருடம் கழித்து வருகிறவள், இதில் யோசிக்க என்ன இருக்கிறது, இருபது நாள்தான் என்றேன் நான். அப்பா பிடிகொடுக்கவில்லை. வெயிலில் குட்டையெல்லாம் வற்றி ஒன்றே ஒன்றுதான் மிஞ்சுமாம், யானையிலிருந்து நரி வரை அங்கே வந்துதான் ஆக வேண்டுமாம், மழைக்காலத்தில் எங்கு பார்த்தாலும் தண்ணீர், ஆள் உயரப் புல், ஒரு வால்கூடத் தெரியாதாம். புத்தகத்தில் போட்டிருக்கிறதாம். ஆனால் உனக்குத்தான் தெரியுமே, முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த மனிதர், மணல் மூட்டையை ஏற்றி மேலும் கீழும் ஓட்டிப் பார்க்காமல் ஒரு ஆளை உள்ளே விடமாட்டார். இதையும் ஓட்டிப் பார்த்தார், நம் வீட்டிலேயே.

ஒரு திங்கட்கிழமை காலையில் குழாயைத் திறக்கிறேன், காற்றுதான் வருகிறது. அப்பா மெயின் வால்வை மூடிவிட்டு, கூடத்தின் நடுவில் ஒரே ஒரு வாளித் தண்ணீர் வைத்து, உன் பழைய பச்சைப் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் பைனாகுலரோடு உட்கார்ந்திருக்கிறார். வாளி ஆறடி தூரம். வறட்சி வாரமாம். பல் தேய்க்க, பாத்திரம் கழுவ எல்லாவற்றுக்கும் நான் அந்த வாளிக்குத்தான் போக வேண்டும், போகும்போதெல்லாம் பீரோ பக்கம் பென்சில் கீறுகிற சத்தம். மாடியில் குடியிருக்கும் பல் டாக்டர் பாவம், பாதி சவரத்தில் முகமெல்லாம் நுரையோடு சொம்பை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். அப்பா மூச்சுகூட விடவில்லை. பிறகு நோட்டை எடுத்துப் பார்க்கிறேன், "பெரிய ஆண். தனியாக வந்தது. முகத்தில் வெள்ளை. நாலு பக்கமும் பார்த்துவிட்டு நீர் எடுத்து விலகியது" என்று அவரை எழுதியிருக்கிறார். என்னைப் பற்றி, "பெண். ஒரே நாளில் பதினாறு முறை. உறுமல் உண்டு, நெருங்க வேண்டாம்." வந்த ஆத்திரத்துக்கு வாளியை அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பேன், குடிக்க வேறு தண்ணீர் இல்லையே என்று விட்டேன்.

அடுத்தது மழை வாரம். அறைக்கு அறை குடம், மாடிப்படியில் ஒரு டிரம், கூடம் முழுக்கக் கொடி கட்டி வீட்டிலுள்ள பெட்ஷீட் அத்தனையும் தொங்கவிட்டார், அது புல்லாம். மூன்று நாள் உட்கார்ந்தார். நான் என் பாட்டுக்குச் சமையலறையில் வேலையைப் பார்த்தேன், டாக்டர் கீழே இறங்கவே இல்லை. நோட்டில் ஒரு வரி கிடையாது. சரி, நாலு நாள்தான் என்று முடிவுகட்டிவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டேன். நாலு நாள் உனக்குப் பெட்டியைத் திறந்து மூடவே சரியாக இருக்கும். வாயைத் திறந்தால் அழுகைதான் வரும் என்று காய் நறுக்கப் போய்விட்டேன்.

நேற்று பயண ஏஜென்ட்டுக்குப் போன் போட்டார், ஸ்பீக்கரில் போட்டுத்தானே அவர் பேசுவார், நான் ஒரு பெட்ஷீட்டுக்கு இந்தப் பக்கம் நின்று மடித்துக்கொண்டிருந்தேன். மழை மாதத்துக்கு மூன்று பேர் என்கிறார். ஏஜென்ட் தலைப்பாடாக அடித்துக்கொள்கிறார், எல்லாம் உள்ளேதான் இருக்கும் சார், கண்ணில்தான் படாது, அப்புறம் என்னைத் திட்டக்கூடாது என்று. அதற்கு அப்பா சொன்னார், "இருக்குன்னு தெரியும், கண்ணால பார்க்கத்தான் முடியாது, அவ்வளவுதானே? எங்க பொண்ணு விஷயத்துல மூணு வருஷமா அதுதான் நடக்குது, எங்களுக்குப் பழகிப்போச்சு. அவளுக்கு இருபது நாள் கிடைக்கிற மாசத்துக்கே போடுங்க."

இதை நான் கேட்டது அவருக்குத் தெரியாது, நீயும் காட்டிக்கொள்ளாதே. வெயில் தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று ஏதாவது காரணம் சொல்லி உனக்குத் தனியாக எழுதுவார், நம்பிவிட்டதாகவே பதில் போடு. நோய் நொடி இல்லாமல் நன்றாக இரு, வழியில் ஒரு தொல்லையும் இல்லாமல் வந்து சேர். லீவுக்கு இன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடு, பத்தொன்பது நாள் போதாதா என்று எவராவது கேட்டால் போதாது என்று சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா