வீண் நடை

ஞாயிறு, பகல்

அன்புள்ள பூஞ்சைக்கு,

நீ, உன் வீட்டுக்காரர், குழந்தை எல்லோரும் சுகம் என்றே எடுத்துக்கொண்டு தொடங்குகிறேன். உன் மூன்று செய்திகளுக்கும் பதில் போடாததற்கு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். போனில் பேசினால் பாதியிலேயே "விடுடி, உன் தப்பு இல்ல" என்று சொல்லி என் வாயை அடைத்துவிடுவாய். அதனால்தான் காகிதம். இதைக் கடைசி வரை படித்துத்தான் ஆகவேண்டும்.

அம்மா நன்றாக இருக்கிறாள். முழங்கால் வலி மட்டும் விடவில்லை. என் வேலை என்னவென்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை என்றாலும் பெருமைக்குக் குறைச்சல் இல்லை. "என் பொண்ணு ஆஸ்பத்திரிகளுக்கே வைத்தியம் பாக்குறா" என்று எதிர்வீட்டில் சொல்லிவைத்திருக்கிறாள். அந்த வீட்டுக்காரம்மா ஒரு நாள் தன் மூட்டுவலிக்கு மாத்திரை கேட்டு என்னிடம் வந்துவிட்டார்.

நான் ஏன் ஆராய்ச்சியை விட்டேன் என்பது உனக்குத் தெரியும். நீ கிளம்பிப் போன பிறகு நம் பேராசிரியரின் லேபில் இரண்டு வருஷம் தள்ளினேன். கட்டுரை மூன்று இடத்தில் திரும்பி வந்தது. பேராசிரியர் முகத்தைப் பார்த்துப் பேசுவதையே நிறுத்திவிட்டார். அந்த நேரத்தில்தான் இந்தக் கம்பெனி அறிவியல் படித்தவர்களைத் தேடிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரிகளுக்கு ஆலோசனை சொல்லும் கம்பெனி. "உங்கள மாதிரி யோசிக்கத் தெரிஞ்சவங்கதான் எங்களுக்கு வேணும்" என்று நேர்காணலில் சொன்னார்கள். அப்படி ஒரு வார்த்தையை என்னிடம் யாரும் சொல்லி நாலு வருஷம் ஆகியிருந்தது. அங்கேயே கவிழ்ந்துவிட்டேன்.

முதல் மாதம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. நாம் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டு, கடைசியில் தயங்கித் தயங்கி ஒரு முடிவு சொல்கிறவர்கள். இங்கே முடிவுதான் முதல் ஸ்லைடு. என் மேனேஜர் பொறுமையாகத்தான் கற்றுக்கொடுத்தார். "சந்தேகத்த நாம வச்சுக்கணும், பதில அவங்களுக்குக் குடுக்கணும்" என்பார். நல்ல மனிதர்தான். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

போன வருஷம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி வேலை வந்தது. மூன்று மாடி, எண்பது படுக்கை, லிஃப்ட் பாதி நாள் ஓடாது. எதையெல்லாம் குறைக்கலாம், எதையெல்லாம் வெளியே கொடுக்கலாம் என்று நாங்கள் சொல்லவேண்டும். நுண்ணுயிரியல் படித்தவள் என்பதால் கீழ்த்தளத்து லேபை என் தலையில் கட்டினார்கள்.

அந்த லேபைப் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் லேப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர், கொஞ்சம் பருமன். நான் என்ன படித்தேன் என்று கேட்டதும் அவர் முகம் மலர்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். "அப்பாடா, ஒரு வழியா நம்ம ஆள அனுப்பியிருக்காங்க" என்றார். பதினாறு வருஷத்து நோட்டுகளை என் முன்னால் அடுக்கினார். எந்த வார்டு, யார் ரத்தம், என்ன கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்பட்டது, எல்லாம் உருண்டைக் கையெழுத்தில். யாரையும் நம்பிக் கொடுக்காத நோட்டுகள்.

நான் கையில் கடிகாரத்தோடு அவர் பின்னாலேயே ஒன்பது நாள் திரிந்தேன். கிருமி வளர்க்கும் இன்குபேட்டரில் ஏதாவது வளர்ந்தால் அவர் ரிப்போர்ட் அடிக்கும்வரை காத்திருக்கமாட்டார். மூச்சு வாங்க இரண்டு மாடி ஏறி, டாக்டரை நிறுத்தி, நேரிலேயே சொல்லிவிட்டு வருவார். போய்வர பதினோரு நிமிடம். ஒரு நாளைக்கு நாலைந்து தரம். எங்கள் அட்டவணையில் அதற்கு ஒரு கட்டம் உண்டு: வீண் நடை. அவர் நடந்த நிமிடங்களை எல்லாம் கூட்டி அந்தக் கட்டத்தில் போட்டேன். அவர் என்னைப் பார்த்து, "எல்லாம் எழுதிக்கிட்டியாம்மா? ஒண்ணும் விட்டுடாத" என்றார்.

ரிப்போர்ட்டில் இப்படி எழுதினோம்: இவ்வளவு குறைந்த மாதிரிகளுக்குத் தனி லேப் தேவையில்லை, நகரத்தின் பெரிய லேபுக்கு தினமும் இரண்டு தடவை வண்டியில் அனுப்பலாம். அதன் கீழே நான் ஒரு வரி சேர்த்திருந்தேன். எடுத்த ரத்தம் இரண்டு மணி நேரத்துக்குள் இன்குபேட்டருக்குப் போகாவிட்டால் முடிவு தாமதமாகும், சில சமயம் கிருமி வளராமலேயே போகும் என்று. மேனேஜர் முதலில் அந்த வரியைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளச் சொன்னார். பிறகு, "இது இல்லாமயும் நம்ம பதில் நிக்குதுல்ல?" என்று கேட்டார். "நிக்குது சார்" என்றேன். அந்த வரியை அழித்தது என் விரல்தான். யாரும் என் கையைப் பிடித்து அழிக்கவைக்கவில்லை.

லேபை மூடினார்கள். லேப் அக்காவைப் பதிவு கவுண்டரில் உட்காரவைத்தார்கள். எனக்குப் பதவி உயர்வு வந்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால் அக்கா போன் செய்தார். குரலில் கோபமே இல்லை. தையல்கார அம்மா ஒருவர், வயது முப்பத்தெட்டு, பித்தப்பை ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தவர். சனிக்கிழமை காய்ச்சல் ஏறியது. மாலை ஐந்தரை மணிக்கு ரத்தம் எடுத்தார்கள். ஐந்து மணி வண்டி போய்விட்டது. ரத்தப் பாட்டில் இரவெல்லாம் நர்ஸ் மேசைமேல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரே வண்டி, பதினோரு மணிக்கு. பெரிய லேபில் அது இன்குபேட்டருக்குள் போனபோது மாலை நாலு மணி. திங்கள் மதியம் கிருமி தெரிந்ததும் அவர்கள் ஒழுங்காக போன் செய்திருக்கிறார்கள். நான்கு தடவை. யாரும் எடுக்கவில்லை. அவசர முடிவுகளைச் சொல்லவேண்டிய எண் என்று நாங்கள் கொடுத்திருந்தது அந்தக் கீழ்த்தளத்து லேபின் எண். பூட்டிய அறைக்குள் மணி அடித்து அடித்து ஓய்ந்திருக்கிறது. அந்த எண்களின் பட்டியலைத் தயாரித்ததும் நான்தான்.

அந்த அம்மா செவ்வாய்க்கிழமை காலையில் போய்விட்டார். முழு ரிப்போர்ட் புதன்கிழமை வந்தது.

அக்கா எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். பிறகு, "பாட்டில் இப்படிக் கிடக்கக் கூடாதுன்னு நீ எழுதியிருப்பேன்னு நெனச்சேம்மா. நீ படிச்சவளாச்சே" என்றார். அவ்வளவுதான்.

மேனேஜரிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு, "ரொம்ப வருத்தமா இருக்கு. ஆனா ஒரு கேஸ வச்சு எதையும் சொல்ல முடியாதுன்னு உனக்கே தெரியும்" என்றார். தெரியும். நாம் இரண்டு பேரும் படித்ததே அதுதானே. போன் எண்ணை மட்டும் அன்றைக்கே மாற்றினார்கள். அதே வண்டித் திட்டம் இன்னும் இரண்டு ஆஸ்பத்திரிகளில் போன மாதமே தொடங்கிவிட்டது.

மறுவாரம் லீவு போட்டுவிட்டு அக்காவைப் பார்க்கப் போனேன். எதற்குப் போனேன் என்று கேட்காதே. திட்டு வாங்கவாவது போயிருக்கலாம். அக்கா கவுண்டரில் இருந்தார். எதிரே பஸ் டிரைவர் சட்டையோடு ஒருவர் நின்றிருந்தார். அந்தத் தையல்கார அம்மாவின் கணவர். காகிதங்களை வாங்கிப்போக வந்தவர், "இதுல என்னதான் எழுதியிருக்கு, யாராச்சும் படிச்சுச் சொல்லுங்களேன்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா அந்தத் தாளை என் பக்கம் நீட்டி, "இவங்க இதத்தான் படிச்சவங்க, வெவரமா சொல்லுவாங்க" என்றார். அதில் குத்தல் இருந்ததா இல்லையா என்று இப்போதுகூட எனக்குத் தெரியவில்லை.

படித்தேன். நாம் இரண்டாம் வருஷத்திலேயே வளர்த்து விளையாடிய சாதாரணக் கிருமி. டாக்டர் கொடுத்துவந்த மருந்துக்கு நேரே 'கட்டுப்படாது'. அதற்கு அடுத்த வரியில், எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடைக்கிற பழைய மருந்து ஒன்று. 'கட்டுப்படும்'.

"எந்த மருந்து குடுத்திருந்தாலும் பொழச்சிருக்க மாட்டாளாம்மா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே. ரொம்ப மோசமான கிருமி. எதுக்கும் கேட்டிருக்காது" என்றேன்.

பூஞ்சை, ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னேன்.

அவர் பெருமூச்சு விட்டார். "அப்ப சரிம்மா. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கணுமோன்னு மனசு அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. நீங்க நல்லா இருக்கணும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அக்கா என்னைப் பார்க்கவில்லை. அடுத்து நின்றவரிடம் பெயரும் வயதும் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

அந்தத் தாள் அவரிடம்தான் இருக்கிறது. அவருக்கு ஒரு மகள் இருக்கிறாளாம், பள்ளிக்கூடத்தில் படிக்கிறாளாம். என்றைக்காவது ஒரு நாள் அவளே எடுத்துப் படிப்பாள்.

தினமும் ஆபீஸ் போகிறேன். வேலையை விட்டுவிட்டுப் பழையபடி லேபுக்கே வரலாமா என்று பேராசிரியருக்கு எழுதிக் கேட்டேன். இடமில்லை என்று ஒரு வரி வந்தது. வேலையை விட்டாலும் அந்த இரண்டு ஆஸ்பத்திரிகளில் வண்டி ஓடாமல் நிற்கப்போவதில்லை. அழித்த வரியைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி இரண்டு தடவை எழுதிக் கொடுத்தேன். 'பரிசீலனையில்' என்றார்கள். மூன்றாவது தடவை எழுதவேண்டும். காகிதத்தை எடுத்தால் கை ஓடவில்லை. இது ஒன்றுதான் ஓடுகிறது.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கவேண்டும். நீ அங்கே தினமும் ரத்தத் தொற்றோடு மாரடிக்கிறவள். மணிக்கணக்கு எல்லாம் மேலே எழுதியிருக்கிறேன். சனிக்கிழமை ஆறு மணிக்கே அந்தப் பாட்டில் இன்குபேட்டருக்குள் போயிருந்தால், ஞாயிற்றுக்கிழமை யாராவது மாடி ஏறிப் போய் டாக்டரிடம் சொல்லியிருந்தால், அந்த அம்மா பிழைத்திருப்பாரா? தோழியாகச் சொல்லாதே. வேறு எவளோ ஒருத்தியின் கேஸ் என்று நினைத்துக்கொண்டு சொல். இரண்டில் எதுவாக இருந்தாலும் தாங்கிக்கொள்வேன் என்று சொல்ல முடியவில்லை. இருந்தாலும் எழுது. உன்னைத் தவிர இதைக் கேட்க எனக்கு ஆள் இல்லை.

குழந்தைக்கு என் முத்தங்கள். அதற்கு ஒரு சின்னக் காய்ச்சல் வந்தாலும் அசட்டையாக இருந்துவிடாதே. நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும். பதில் வரும்வரை தபால்பெட்டியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருப்பேன். சீக்கிரம் எழுதுடி.

உன்,
ஒட்டடைக்குச்சி