மருமகளின் மேற்படிப்பு விஷயமாக

பிப்ரவரி 9

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கு நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "பரவாயில்லம்மா" என்பீர்கள். கடிதத்தில்தான் உண்மை சொல்வீர்கள் என்பதால் எழுதிக் கேட்கிறேன்.

எழுத இன்னொரு காரணமும் உண்டு. வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் சப்ளை செயின் முதுகலைப் படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஒரு வருடப் படிப்பு. கட்டணத்தில் பாதியைத் தள்ளுபடி செய்திருக்கிறார்கள். விண்ணப்பம் போட்டதை யாரிடமும் சொல்லவில்லை. எங்கே கிடைக்கப்போகிறது என்ற நினைப்புதான்.

அது என்ன படிப்பு என்று கேட்பீர்கள். ஒரு பொருள் செய்யப்படும் இடத்திலிருந்து அதை வாங்குகிறவர் கைக்குப் போய்ச் சேரும் வரை, எது எங்கே எவ்வளவு இருக்க வேண்டும் என்று திட்டமிடுவது. எங்கள் மருந்துக் கிடங்கையே பாருங்கள். போன மாதம் ஒரு ஊரில் இன்சுலின் கிடைக்காமல் ஜனங்கள் கடை கடையாக அலைந்தார்கள். அதே மருந்து எங்கள் குளிர் அறையில் தேதி முடிந்து பெட்டி பெட்டியாகக் கிடந்தது. ஏன் இப்படி என்று மேலாளரைக் கேட்டேன். "அதெல்லாம் மேல முடிவு பண்றதும்மா, நீ பெட்டிய எண்ணு" என்றார். எனக்கு அந்த 'மேலே' போக வேண்டும் மாமா.

உங்கள் மகனிடம் சொன்னேன். "எனக்கு ஒண்ணும் தோணல. அப்பா சரின்னா எனக்கும் சரி" என்றார்.

மார்ச் முடிவதற்குள் பல்கலைக்கழகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வேண்டாம் என்று உங்களுக்குப் பட்டால் அதையும் சொல்லுங்கள். வருத்தப்படுவேன், கோபப்பட மாட்டேன்.

உங்கள் அன்பு மருமகள்

பி.கு: "தாத்தா லெட்டர்ல ஏன் எல்லா வரிக்கும் அடியில கோடு போடறாரு, மிஸ் மாதிரி?" என்று சுண்டு கேட்கிறாள்.


பிப்ரவரி 14

அன்பு மருமகளுக்கு ஆசிகள்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சந்தோஷமாக இருந்தது, இரண்டாம் முறை கவலையாக இருந்தது. இது என் சுபாவம். முழங்கால் காலையில் மட்டும் வலிக்கிறது.

கல்லூரியில் அத்தனை வருடம் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தவன் உடனே சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லிவிட்டால் எனக்கே நம்பிக்கை வராது. நேற்று நூலகத்துக்குப் போய் உன் படிப்பைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். நூலகர், "சார், இந்த வயசுல எந்தக் கம்பெனிக்கு இன்டர்வியூ?" என்றார். கிடைத்த ஒரு புத்தகத்தில் தேவையை முன்கூட்டியே கணிப்பது பற்றிய அத்தியாயம் நன்றாக இருந்தது. அதில் பாதி நான் நடத்திய பாடம்தான். இதற்கு ஒரு தொழில் உண்டென்று எனக்கு அப்போது தெரியாமல் போயிற்று.

சில சந்தேகங்கள். ஒரு வருடப் படிப்பை நம் ஊர்க் கம்பெனிகள் இரண்டு வருடப் படிப்புக்குச் சமமாக மதிக்குமா? வெளிநாட்டு மாணவர்கள் வாரத்தில் இத்தனை மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்கிறார்களே, அந்த வருமானத்தில் அறை வாடகையாவது தேறுமா? படிப்பு முடிந்து அங்கே தங்கி வேலை தேட அனுமதி தருவார்களா, தந்தாலும் வெளிநாட்டவரை எடுக்கக் கம்பெனிகள் முன்வருமா? உன்னோடு படிக்கப்போகிறவர்கள் எல்லாரும் உன்னைவிடப் பத்து வயது சின்னவர்களாக இருப்பார்களே. சுண்டு யாரிடம் இருப்பாள்? கேட்பது தப்பென்றால் மன்னித்துவிடு.

உன் அத்தை இருந்தவரை இந்த வீட்டில் முடிவெடுக்கும் இலாகா அவளிடம்தான் இருந்தது. யோசிக்கும் இலாகா மட்டும் எனக்கு. இப்போது இரண்டும் என் தலையில்.

பதில் கிடைத்ததும் அவனிடம் பேசுகிறேன்.

அன்புடன்,
மாமா

பி.கு: மிஸ்ஸைப் போலவே எனக்கும் முக்கியமான வரிகள் மட்டும்தான் எழுத வருமோ என்னவோ என்று சுண்டுவிடம் சொல்.


பிப்ரவரி 22

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கேள்விகளை மதிய இடைவேளையில் சக ஊழியை ஒருத்தியிடம் படித்துக் காட்டினேன். "உங்க மாமனாரையே அந்தக் காலேஜ்ல சேத்துவிடு" என்றாள்.

இந்தப் படிப்பை முடித்த நான்கு பேருக்கு எழுதிக் கேட்டுவிட்டேன். மூன்று பேர் பதில் போட்டார்கள். ஒரு வருடமா இரண்டு வருடமா என்று யாரும் பார்ப்பதில்லையாம், எந்த மென்பொருள் தெரியும், எங்கே பயிற்சி எடுத்தாய் என்றுதான் கேட்கிறார்களாம். பகுதி நேர வேலையில் வாடகை தேறாது. சாப்பாட்டுக்கு ஆகும். மீதிக்கு என் சேமிப்பு இருக்கிறது. படிப்புக்குப் பிறகு தங்கி வேலை தேட அனுமதி உண்டு. வேலை கிடைப்பது சுலபமில்லை. ஒருத்திக்குக் கிடைத்தது. ஒருவர் ஊர் திரும்பி, போனபோது இருந்ததைவிட நல்ல வேலையில் இருக்கிறார். இன்னொருவர் போனதே தப்பு என்கிறார். மூன்றையும் அப்படியே எழுதிவிட்டேன், எதையும் மறைக்கவில்லை.

வயதைப் பற்றி நானும் யோசித்தேன். பெட்டியைக் கண்ணால் பார்க்காத பிள்ளைகள் நடுவில் நான் ஒருத்தி பார்த்தவளாக இருப்பேன். நஷ்டம் அவர்களுக்குத்தான்.

சுண்டுவை என் அம்மா வந்து பார்த்துக்கொள்வார். அவளை விட்டுப் போவது எனக்குச் சுலபம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

உங்கள் மகன் தினமும் சாப்பிடும்போது கேட்கிறார், "அப்பா ஏதாவது சொன்னாரா?" என்று. "நீங்களே கேளுங்களேன்" என்றால், "அவரா சொல்லட்டும். நான் கேட்டா, எனக்கு எது பிடிக்கும்னு பாத்து அதச் சொல்லுவாரு" என்கிறார்.

கேள்விகள் முடிந்தனவா மாமா?

உங்கள் அன்பு மருமகள்


மார்ச் 11

அன்பு மருமகளுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். உன் பதில்கள் எனக்கு முழுத் திருப்தி. போனதே தப்பு என்று சொன்னவரின் கருத்தையும் எழுதினாயே, அதில்தான் உன் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அவனுக்குப் போன் செய்தேன். இங்கே தண்ணீர்த் தொட்டி ஒழுகுவதைப் பற்றிப் பேசினோம். அவன் அலுவலகத்தில் இடம் மாற்றுவதைப் பற்றிப் பேசினோம். பிறகு அவன், "வேற என்னப்பா?" என்றான். நான், "வேற ஒண்ணுமில்லப்பா" என்றேன். போனை வைத்த பிறகும் அதன் பக்கத்திலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

எனக்குப் பேச்சைவிட எழுத்து நன்றாக வரும் என்பது உனக்குத் தெரியும். ஆகவே அவனுக்கு ஒரு கடிதம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். உறையை ஒட்டவில்லை. நீ படித்துப் பார். எங்காவது தவறாக இருந்தால், உனக்குப் பாதகமாக ஏதாவது பட்டால், கொடுக்க வேண்டாம். சரி என்று பட்டால், அவன் நல்ல மனநிலையில் இருக்கும் நேரமாகப் பார்த்துக் கொடு. அது உனக்குத்தான் தெரியும்.

அன்புடன்,
மாமா


மார்ச் 16

அன்புள்ள மாமாவுக்கு,

அவருக்கு நீங்கள் எழுதிய கடிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன். கோபமாக அனுப்பவில்லை. அழகான கடிதம். என் வேலையைப் பற்றி இந்த வீட்டில் யாரும் இவ்வளவு புரிந்து எழுதியதில்லை. அந்தப் பத்தியை எனக்கென்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன்.

ஆனால் முதல் வரியைப் பாருங்கள் மாமா. "உன் மனைவி கேட்டுக்கொண்டதற்கிணங்க இக்கடிதத்தை எழுதுகிறேன்." அதை என் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தால் அவர் என்ன நினைப்பார்? நான் சொல்ல நீங்கள் எழுதியதாகத்தான் நினைப்பார். அடுத்த பக்கத்தில், "ஒருவிதத்தில் பார்த்தால் போகலாம், இன்னொரு விதத்தில் பார்த்தால் யோசிக்கலாம்" என்று இருக்கிறது. போகலாம் என்பதையும் எழுதிவிட்டு யோசிக்கலாம் என்பதையும் எழுதினால், அவர் எதைப் பிடித்துக்கொள்வார்? உங்கள் பிள்ளைதானே.

என் விஷயத்துக்கு உங்களைக் கேட்டேன். நீங்கள் என்னையே தூது போகச் சொல்கிறீர்கள்.

கடிதம் வேண்டாம். போன் செய்யுங்கள், இல்லை ஒரு நடை வாருங்கள். "அவ போகட்டும்டா." அவ்வளவு போதும். இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.

உங்கள் அன்பு மருமகள்


மார்ச் 30

அன்பு மருமகளுக்கு,

வந்து திரும்பியவன் எழுதும் கடிதத்தில் புதிதாக என்ன இருக்கும் என்று நினைப்பாய். உனக்குத் தெரியாததை எழுத வேண்டியிருக்கிறது.

சனிக்கிழமை காலை, வாசலில் அவன் சுண்டுவின் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டுச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தான். நீ உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாய். நீ வேண்டுமென்றே வெளியே வரவில்லை என்பது எனக்குப் புரிந்தது. அவன் நிமிர்ந்து, "என்னப்பா, ஏதாவது சொல்லணுமா?" என்றான். நான், "சங்கிலிக்கு எண்ணெய் விடு" என்றேன். "விட்டுட்டேம்பா" என்றான். சுண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு நானும் சிரித்துவிட்டேன்.

அன்று மாலை என்னைப் பேருந்தில் ஏற்ற வந்தான். ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்து, கீழே நின்றபடி பேசினான். "அப்பா, அவ படிப்பு விஷயம். நீங்க இத்தன நாளா ஒண்ணும் சொல்லல. உங்களுக்கு இஷ்டமில்லன்னு புரிஞ்சுக்கிட்டேன். உங்க வாயால சொல்லிக் கஷ்டப்பட வேணாம், நானே அவகிட்ட சொல்லிக்கிறேன்" என்றான். என்மேல் பிரியத்தில்தான் சொன்னான். எனக்கு ஒரு சங்கடத்தை மிச்சப்படுத்துவதாக நினைத்துச் சொன்னான்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பின் சீட்டுக்காரர் ஜன்னலை மூடச் சொன்னார். டிரைவர் வண்டியைக் கிளப்பினார். இவையெல்லாம் சாக்கு. ஒரு வார்த்தை சொல்ல நேரம் இருந்தது. நான் அவனுக்குக் கையசைத்தேன். பதிலுக்கு அவனும் கையசைத்தான்.

இதற்குள் அவன் உன்னிடம் சொல்லியிருப்பான். என் பெயரைச் சொல்லித்தான் சொல்லியிருப்பான். அது என் கருத்து இல்லை அம்மா. என் கருத்து என்னவென்று உனக்குத் தெரியும். உனக்கு மட்டும் தெரிந்து என்ன பயன் என்று நீ கேட்பாய்.

அடுத்த வருடத்துக்கு இடத்தைத் தள்ளிவைக்க முடியுமா என்று அவர்களைக் கேட்டுப் பார்ப்பாயா?

மாமா


ஏப்ரல் 8

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கு அனைவரும் நலம். உங்கள் நலமறிய ஆவல். சுண்டுவுக்குப் பள்ளி விடுமுறை விட்டிருக்கிறார்கள். தண்ணீர்த் தொட்டிக்கு ஆள் வந்துபோனதாக அவர் சொன்னார்.

இடத்தைத் தள்ளிவைக்கலாம், தள்ளுபடி மட்டும் அடுத்த வருடம் கிடையாது என்று பல்கலைக்கழகத்தில் சொன்னார்கள். வேண்டாம் என்று எழுதிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருமகள்


அக்டோபர் 3, மறு வருடம்

அன்புள்ள மாமாவுக்கு,

உறையின் மேலிருக்கும் தபால்தலையைப் பார்த்தே உங்களுக்குப் புரிந்திருக்கும். வந்து மூன்று வாரம் ஆகிறது. இது வேறு பல்கலைக்கழகம், வேறு ஊர். படிப்பு அதேதான். தள்ளுபடி கிடையாது.

ஒரு சமையலறையை ஐந்து பேர் பங்குபோட்டுக்கொள்கிறோம். குளிர்சாதனப் பெட்டியில் ஆளுக்கு ஒரு தட்டு. தங்கள் தட்டில் என்ன இருக்கிறது, எது எப்போது தீரும் என்று மற்றவர்கள் என்னிடம்தான் கேட்கிறார்கள், எல்லாம் கிடங்குப் புத்தி. வகுப்பில் எனக்கு அடுத்தபடி வயதானவனுக்கு இருபத்தாறு. எனக்கு ஒன்றும் கூச்சமாக இல்லை. ராத்திரியில் சுண்டுவின் நினைப்பு வந்தால்தான் தாங்க முடியவில்லை.

இந்த முறை நான் உங்கள் மகனைக் கேட்கவில்லை, சொன்னேன். "அப்பாகிட்ட..." என்று ஆரம்பித்தார். "அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றேன். கிளம்பும்வரை என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனாலும் பெட்டியை அவர்தான் கட்டினார். கட்டிய பெட்டியைப் பிரித்து இன்னொரு முறை கட்டினார்.

உங்களிடம் சொல்லாமல் வந்தது தப்புத்தான். எழுதலாம் என்று இரண்டு மூன்று தடவை உட்கார்ந்தேன். எழுதியிருந்தால் நீங்கள் யோசித்திருப்பீர்கள் மாமா.

பாடம் அதிகம். இனி எழுத நேரம் கிடைக்காது என்று நினைக்கிறேன். நீங்கள் பதில் போட வேண்டும் என்றில்லை.

மருமகள்


அக்டோபர் 15

அன்பு மருமகளுக்கு,

பதில் வேண்டாம் என்று எழுதியிருந்தாய். இதற்கும் நீ பதில் போட வேண்டாம்.

உன் கடிதம் வந்த அன்றைக்கே அவனுக்குப் போன் செய்தேன். தொட்டியைப் பற்றிப் பேசவில்லை. அவன் "ஹலோ" என்றதும் சொல்லிவிட்டேன். "அவ போனது சரிடா. அவ போகணும்னுதான் நான் அப்பவும் நெனச்சேன்."

பக்கத்தில் சுண்டு ஏதோ பாடிக்கொண்டிருந்தது கேட்டது.

"அவதான் போயிட்டாளேப்பா" என்றான். "இப்ப சொல்றீங்க."

மாமா