ஆன்ல கீது

இந்த நோட்டு வேறு யார் கையிலாவது கிடைத்தால், தயவுசெய்து இத்தோடு மூடிவிடுங்கள். படித்துவிட்டால் யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக எங்கள் அப்பாவிடம். இது செத்துப்போன என் அண்ணனுக்கு எழுதுவது.

அண்ணா, இன்று சாயங்காலம் உன் சைக்கிள் வீட்டுக்கு வந்துவிட்டது. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அப்பா அதை உருட்டிக்கொண்டே வந்து தண்ணீர் டிரம் பக்கத்தில் சாய்த்தார். மூன்று வாரம் வெளியில் கிடந்தும் அந்தச் செயின் எண்ணெய் வாசனை போகவில்லை. நீதான் வேலையிலிருந்து வந்துவிட்டாய் என்று என் கால் வாசல் வரை போய்விட்டது.

அம்மா இருமுகிறாள். கொஞ்சம் இரு.

தூங்கிவிட்டாள்.

பின்சக்கரத்தோரம் தொங்கிக்கொண்டு செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் அந்தப் பாகத்தை நீங்கள் எல்லாரும் ஆர்.டி. என்பீர்கள். பழைய சைக்கிளில் அவ்வளவு உசத்தியான ஆர்.டி.யை மாட்டிக்கொண்டு நீ வந்த அன்று உன் கூட்டாளிகள் விட்ட நக்கல் இன்னும் காதில் இருக்கிறது. "மாமே, சைக்கிளுக்கு ஆர்.டி. வாங்கினியா, ஆர்.டி.க்கு சைக்கிள் வாங்கினியா?" நீ கோபப்படவில்லை. "ஒரு ரவுண்டு போய்க்கினு வாடா, அப்பால பேசு" என்றாய். செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் ஆளுக்கொரு ரவுண்டு போனார்கள். கரையின் குண்டிலும் குழியிலும் அவர்கள் சொந்த சைக்கிள்களில் செயின் கழன்று கழன்று கை கறுத்துப்போகும். திரும்பி வந்தவன் இறங்காமலே சொன்னான்: "பல்லு மாறினதே தெர்ல மச்சான்." நீ சிரித்தாய். "சத்தம் வந்துச்சா? வராது. அதான் மேட்டரு."

சத்தம் வராததற்குக் காரணம் அதிலிருந்த கிளட்ச். கட்டை விரல் அளவு லீவர். ஆனில் இருந்தால் செயினை இழுத்துப் பிடிக்கும். சக்கரத்தைக் கழற்றும்போது ஆஃப் செய்ய வேண்டும், மாட்டியதும் மறக்காமல் ஆன் செய்ய வேண்டும். அதனால்தான் ஞாயிறுதோறும் கிளம்பும்போது ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே கேட்பாய்: "இன்னா பாப்பா, ஆன்ல கீதா?" நான் குனிந்து பார்த்துவிட்டு, "கீது" என்பேன். "பொம்பளப் புள்ள பேசற பேச்சப் பாரு" என்று அம்மா திட்டுவாள். அவள் திட்டுவதற்காகவே நாம் அப்படிப் பேசினோம்.

அந்தச் சனிக்கிழமை பின் டயர் பஞ்சர். நீ ஷிஃப்டிலிருந்து வருவதற்குள் முடித்து வைக்கலாம் என்று நானே சக்கரத்தைக் கழற்றினேன். லீவரை ஆஃப் செய்தது நன்றாக நினைவிருக்கிறது. சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு மாங்காடு ரோட்டில் தாஸ் அண்ணன் கடைக்குப் போனேன். அவர் பஞ்சர் ஒட்டிக் கொடுத்தார், அவ்வளவுதான். சைக்கிளை அவர் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. வீட்டில் மாட்டியது நான். மாட்டிய பெருமையில் கை கழுவப் போய்விட்டேன்.

மறுநாள் காலை நீ கேட்டாய். நான் வாயில் பிரஷ்ஷோடு நின்றிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கீது."

மெட்ரோ தூணுக்காகத் தோண்டிய இடத்தில் ரோடு உடைந்து கிடந்தது. நீ எழுந்து நின்று மிதித்தாயாம், செயின் கழன்றதாம், பெடல் வெறுமையாகச் சுற்ற நீ வலது பக்கமாக விழுந்தாயாம். பின்னால் தண்ணீர் லாரி. "வீட்லேர்ந்தே டக்கு டக்குனு சத்தம் வந்துகினே இருந்துச்சும்மா, ரோடு அப்படின்னு நெனச்சோம்" என்று உன் கூட்டாளி காரியத்தன்று அம்மாவிடம் அழுதான். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

அப்பாவுக்கு வேறு மாதிரி புரிந்திருக்கிறது. கடைசியாகக் கைவைத்தது தாஸ் அண்ணன்தான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். "அவன் ஒய்ங்கா மாட்டிருந்தா எம்புள்ள செத்துப் பூட்டிருப்பானா?" என்று இன்று சாப்பிடும்போதுகூடக் கேட்டார். நாளைக் காலை சித்தப்பாவோடும் இன்னும் நாலு பேரோடும் அவர் கடைக்குப் போகிறார். கடையை அடித்து நொறுக்காமல் விட மாட்டேன் என்கிறார் சித்தப்பா. தாஸ் அண்ணன் உன் சாவுக்கு வந்து, உள்ளே வரத் தயங்கி, வெயிலில் தெருவிலேயே நின்றிருந்தார். சக்கரத்தை மாட்டியது நான்தான் என்று அவருக்கும் தெரியும். இதுவரை அவர் வாய் திறக்கவில்லை. ஏன் என்று நினைக்கும்போதுதான் எனக்கு அதிகம் பயமாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், அண்ணா. சாயங்காலம் அப்பா கால் கழுவப் போன நேரத்தில் குனிந்து பார்த்தேன். லீவர் ஆஃபில்தான் இருந்தது. யாரும் கவனிக்கவில்லை. நான் அதை ஆன் செய்துவிட்டேன். டக் என்று ஒரு சின்னச் சத்தம். செய்த பிறகுதான், நான் என்ன செய்தேன் என்று தெரிந்தது. இனி யார் பார்த்தாலும் என் தப்பு அதில் இருக்காது. மறுபடி ஆஃப் செய்யப் போனேன், அம்மா வந்துவிட்டாள்.

நீ இருந்தால் திட்டுவாய். திட்டிவிட்டு, ஏதாவது வழி சொல்வாய். பள்ளியில், பஸ்ஸில், யார் எதைக் கேட்டாலும் எனக்கு இப்போது உடனே பதில் வருவதில்லை. ஆஜர் சொல்லக்கூட ஒரு நொடி ஆகிறது. நீ என்னிடம் விட்டுப்போனது அந்த ஒரு நொடிதான். அன்று காலை அது எனக்கு இருந்திருந்தால்

கதவு தட்டும் சத்தம். அப்பா.

"பாப்பா, முய்ச்சிக்கினு கீறியா? தாஸு கடய எத்தினி மணிக்குத் தொறப்பான், தெரிமா?"

ஒன்பது மணிக்கு. அதை மட்டும் சொல்லிவிட்டுப் படுக்க மாட்டேன் அண்ணா, நான் கதவை