ஜப்பான் படத்தில் பார்த்த அப்பன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஜப்பான் படம் என்றதும் கராத்தே இருக்கும் என்று நம்பி, மொரப்பூர் ரயிலில் செல்போனில் போட்டுப் பார்த்தேன். கடைசியில் குலுங்கிக் குலுங்கி அழுதேன். "என்னங்க, வூட்ல யாராச்சும் தவறிட்டாங்களா?" என்று பக்கத்துச் சீட்டு அம்மா கேட்டார்.

படத்தில், எதிரிப் பட்டாளத்திடம் சிக்கினால் மானம் போய்விடும் என்று ஒரு அப்பன் தன் பிள்ளைகள் நடுவே வெடிகுண்டை வைக்கிறான். இதைப் படத்தில் காட்டவே கூடாதென்று அந்த நாட்டு ஆட்களுக்குள்ளேயே சண்டையாம்.

நீ வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொள்வேன் என்றபோது, நானும் நடுவீட்டில் பூச்சிமருந்து பாட்டிலை வைத்து, "எல்லாரும் குடிச்சிடலாம்" என்றேனே.

மூன்று வருடமாக நீ போனை எடுக்கவில்லை. ஒரே ஒரு தடவை எடு.

அன்று நீ கதவைத் திறந்து ஓடியபோது "நில்லுடி" என்று கத்தினேன். கத்தாமல் மனசுக்குள் சொன்னது வேறு: நிக்காம ஓடிடு, கண்ணு.

உன் அப்பா