தீட்டு என்று நம்பிய இரத்தம்

மதினி,

ராஜபாளையத்தில் எங்கள் அலுவலகத்துக்குக் கீழே புதிதாக ஒரு நாட்டு மருந்துக் கடை வந்திருக்கிறது. நேற்று அங்கே மலைவேம்புச் சாற்றைப் பாட்டிலில் பார்த்தேன். மேலே சிரிக்கிற குழந்தையின் படம். வாங்க வந்த பெண்ணுக்குக் கடைக்காரர் மூடியைத் திறந்து காட்டினார். அந்தப் பச்சைக் கசப்பு வாடை மூக்கில் ஏறியதும் வெளியே வந்து நின்றுகொண்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் அது பாட்டிலில் வந்ததில்லை. உங்களுக்கு மாதவிலக்கு வந்தால் கான்சாபுரத்து மாமா தோப்பிலிருந்து இலை வரும். அம்மா அரைத்துப் பிழிந்து, மூன்று நாளும் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் கொடுப்பாள். குடித்துவிட்டு என் பக்கம் திரும்புவீர்கள்.

"ஏட்டி, இம்புட்டுக் கசப்புக்குப் பொறக்கிற பிள்ளை மூஞ்சியச் சுளிச்சிக்கிட்டேதான் வரும், பாரு."

ஒருநாள் அம்மாவிடமே கேட்டுவிட்டீர்கள். "அவியளுக்கும் ஒரு டம்ளர் குடுங்க அத்தை. பாதிப் பிள்ளை அவியளோடதுதான?"

"பேச்சப் பாரு. ஆம்பளைக்கு என்ன வந்துச்சு?" என்றாள் அம்மா. அண்ணன் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

கடைசி மாதம் உங்களுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. யாரிடமும் சொல்லாமல் காத்திருந்தீர்கள். பிறகு கொஞ்சம் இரத்தம் பட்டது. அழுதீர்கள். அம்மா இலைக்குச் சொல்லி அனுப்பினாள். தீட்டு வந்தவளைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று நம் வீட்டில் யாருக்குத் தோன்றும்? மூன்று நாள் கழிந்தும் நிற்கவில்லை. அடிவயிற்றில் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

"அழுக்கு பூராம் போகுது. போகட்டும். கர்ப்பப்பை சுத்தமானாத்தான் தங்கும்" என்றாள் அம்மா.

மறுநாள் குளியலறையில் விழுந்தீர்கள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் கேட்டது, "மாசமா இருக்காங்களான்னு பாத்தீங்களா?"

"தீட்டுல இருக்கிறவளுக்கு என்னத்தப் பாக்க?" என்றாள் அம்மா.

"இது தீட்டு இல்லம்மா. கரு குழாய்ல தங்கி வெடிச்சிருக்கு."

மதுரைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டீர்கள்.

சாறு உங்களைக் கொல்லவில்லை என்று டாக்டரம்மா சொன்னார். அந்த இலையைப் பற்றி நானும் கிடைத்ததையெல்லாம் படித்தேன். எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்ததைப் பற்றித்தான் நிறைய எழுதியிருக்கிறார்கள். மாதவிலக்கு என்று நம்பி அதைக் குடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்தவளைப் பற்றி எங்கும் ஒரு வரி இல்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் "பாவம், வயிறு திறக்காமலே போயிட்டா" என்றார்கள். அம்மா மறுக்கவில்லை.

போன வாரம் அண்ணனுக்குப் பெண் பார்க்க வன்னியம்பட்டிக்குப் போனோம். பெண்ணின் தாய், "மூத்த தாரத்துக்குப் பிள்ளைக உண்டா?" என்று கேட்டார்.

"அவளுக்குத்தான் குடுப்பினை இல்லையே. வயித்துல தங்கவே இல்ல" என்றாள் அம்மா.

"தங்குச்சு. அதுலதான் மதினி செத்தாங்க. நீதான் அதைத் தீட்டுன்னு சொல்லிச் சாறு குடுத்த" என்றேன்.

சம்பந்தம் அங்கேயே முறிந்தது. அன்றிலிருந்து அம்மா என்னோடு பேசுவதில்லை. அண்ணன் பேசுகிறான், என் படிப்பைப் பழித்து.

ஆனால் மதினி, எனக்குக் கசப்பது அவர்கள் மட்டுமல்ல. உங்களுக்காக வாய் திறந்தபோதும், நீங்கள் மலடி இல்லை என்றுதான் எனக்குச் சொல்ல வந்தது. கருவே உண்டாகாமல் இருந்திருந்தாலும் உங்களை அப்படி இரத்தம் வடிய உட்கார வைத்திருக்கக் கூடாது. அதை அந்தக் கூடத்தில் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர்களில் ஒருவருக்கும் விளங்கியிருக்காது.